துக்கத்துக்கும் ஓய்வுக்கும் ஒரே நாளில் இடம்: வேலூரில் நினைவிடம் காணச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமன் மச்சான்கள் சேர்ந்து துக்க வீட்டாரைச் சினிமாவுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் ஒன்று உண்டு. என் தாத்தா காலமானபோது என் தாய்மாமன் எங்கள் எல்லோரையும் அப்படித்தான் டவுனுக்கு அழைத்து வந்தார். பதினைந்து நாள்களாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்திருக்கவில்லை. படத்தின் நடுவே என் தம்பி தன்னை மறந்து சிரித்துவிட்டான். சிரித்த கையோடு பயந்துபோய் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்று அவனுக்குக் கிடைத்த அனுமதியின் பொருள் எனக்குப் புரிய, வரலாற்று ஆசிரியராகப் பல ஆண்டுகள் மாணவர்களை நினைவிடங்களுக்கு அழைத்துச் சென்று பழக வேண்டியிருந்தது.

துக்கத்தில் இருப்பவர்களின் மனம் எப்படி நகர்கிறது என்பதை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்னும் இரு நெதர்லாந்து உளவியலாளர்கள், 1999இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். இழப்பை நேருக்கு நேர் பார்த்து அழுவதும், அதைச் சற்றே ஒதுக்கிவைத்து அன்றாட வேலையிலும் பொழுதுபோக்கிலும் ஈடுபடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஊஞ்சலைப் போல இரண்டுக்கும் இடையே போய்வருவதில்தான் மனம் தேறுகிறது என்பது அவர்கள் கருத்து. ஒரு பக்கமே நின்றுவிட்டால், அது இடைவிடாத அழுகையானாலும் இடைவிடாத கேளிக்கையானாலும், தேறுவது தாமதமாகிறது. காரியத்தன்று சினிமாவுக்கு அழைத்துச் செல்லும் மாமன்கள் இந்த ஆராய்ச்சியைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் ஊஞ்சலைத் தள்ளிவிட ஒரு கை வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நினைவிடத்துக்குச் செல்லும் நாளையும் இந்த ஊஞ்சலைப் போலவே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. காலையில் கல்லறை, மாலையில் பூங்கா என்று இரண்டையும் ஒரே நாளில் வைப்பது மரியாதைக் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். வேறு சிலரோ பத்து நிமிடத்தில் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு, மீதி நேரம் முழுவதையும் கேளிக்கைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டிலும் மனத்துக்குக் கிடைக்க வேண்டியது கிடைப்பதில்லை.

போவதற்கு முன்

யார் வருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். அண்மையில் வீட்டில் சாவு நேர்ந்த ஒருவர் உங்களுடன் வருகிறார் என்றால், பலர் ஒன்றாகக் கொல்லப்பட்ட இடத்துக்கு அவரை முதலாவதாக அழைத்துச் செல்ல வேண்டாம். பிறரின் துயரத்தைக் காணும்போது தன் துயரமும் கிளறப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்; சில மாதம் கழித்து அதுவே ஆறுதலாகவும் ஆகும், ஆனால் முதல் சில வாரங்களில் அது புண்ணின் மேல் கை வைப்பதாகவே இருக்கும். விபத்தையோ வன்முறையையோ கண்ணால் கண்டவர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. எங்கே போகிறோம், அங்கே என்ன நடந்தது, எப்போது வேண்டுமானாலும் வெளியே வந்துவிடலாம் என்ற மூன்றையும் முன்னதாகவே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தான் விரும்பும்போது விலகலாம் என்ற உறுதி இருந்தால், பெரும்பாலோர் விலகாமலேயே இருந்து பார்த்துவிடுகிறார்கள்.

குழந்தைகளிடம் சாவைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேச வேண்டாம். ‘தூங்குகிறார்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொல்லி வைத்தால், அடுத்த முறை அப்பா தூங்கும்போதோ ஊருக்குக் கிளம்பும்போதோ அந்தப் பிள்ளை அஞ்சும். இறந்தவர் திரும்பி வரமாட்டார், அவர் உடலுக்கு இனிப் பசியோ வலியோ இல்லை, உயிருள்ள எல்லோருக்கும் இது ஒருநாள் நேரும் என்பவற்றைப் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதில் தவறில்லை. அவர்கள் புல்லில் விளையாடிக்கொண்டிருக்கட்டும்.

பயணத்தைச் சில நாள் முன்பாகவே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். விடுமுறைப் பயணத்தின் மகிழ்ச்சியில் பெரும்பங்கு போவதற்கு முந்தைய எதிர்பார்ப்பிலேயே இருக்கிறது என்று நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. அங்கே பயணம் சென்று திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர், செல்லாதவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கவில்லை. ஆகவே எதிர்பார்க்கும் அந்த நாள்களை வீணாக்க வேண்டாம். கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையா, தயிர்ச்சாதமா என்று பிள்ளைகள் சண்டை போடுவதும் பயணத்தின் ஒரு பகுதிதான்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவருக்கு வரலாறும் வராது, இரக்கமும் வராது, எரிச்சல்தான் வரும். காலை ஏழிலிருந்து பத்துக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைக்கும் மாசிக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

எந்த இடம், யாருக்கு

‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றி ஒரு பழம்பேச்சு உண்டு. இன்மைகளைக் கொண்டே தன்னை அடையாளம் சொல்லிக்கொண்ட ஊர் இது. அந்த மூன்றில் ஒன்று 1981இல் மாறியது. கோட்டைக்குள் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேசுவரர் கோயிலில், சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் எழுந்தருளச் செய்தார்கள். வெறுமையாகக் கிடந்த ஓர் இடம் மீண்டும் நிரம்பக்கூடும் என்பதைத் துயரத்தில் இருப்பவருக்குக் காட்ட, நம் ஊரில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதனாலேயே கோட்டைக்கு வருபவர்களிடம் கோயிலைக் கடைசியாகப் பாருங்கள் என்று சொல்வேன்.

கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் நடந்த சிப்பாய்ப் புரட்சி, இன்றைக்கும் கேட்பவர் மனத்தை உலுக்கும். முந்தைய ஆண்டு நவம்பரில் ஆங்கிலேயர் தங்கள் படைக்குக் கொண்டுவந்த புதிய உடை விதிகள், இந்துச் சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, முஸ்லிம் சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும் என்றன. தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையும் திணிக்கப்பட்டது. எதிர்த்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடந்ததை ஒட்டித் திரண்ட சிப்பாய்கள், இரவில் எழுந்தார்கள். 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி வந்து சேர்ந்தார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதன் நினைவாக மக்கான் சிக்னலில் நினைவுத்தூண் நிற்கிறது. ஆனால் அது போக்குவரத்து நெரிசலின் நடுவே நிற்பதால், ஆட்டோ ஹாரன்களுக்கிடையே யாராலும் எதையும் உணர முடியாது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வதானால் அதிகாலையில் செல்லுங்கள். இல்லையென்றால் தூணைப் போகிற போக்கில் காட்டிவிட்டு, அதன் கதையைக் கோட்டை அகழியோரம் உட்கார்ந்து சொல்லுங்கள்.

பெரிய கூட்டத்தின் துயரத்தைவிட ஒரே மனிதரின் துயரம் பலருக்கு எளிதில் பிடிபடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்குப் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபம் பொருத்தமானது. கண்டியின் கடைசி அரசரான விக்கிரம ராஜசிங்கர் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, அடுத்த ஆண்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட, நாயக்கர் வழிவந்த அரசர் அவர். 1832 ஜனவரி 30இல் சாகும்வரை ஊர் திரும்பவே இல்லை. அவரும் அவருடைய குடும்பத்தாரும் அடங்கிய இடம் அது. சொந்த ஊரைவிட்டு வந்து வாழ்பவர்களும், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரும் அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். யாரும் அவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

ஒரு தாத்தாவையோ பாட்டியையோ இழந்த குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது மேல்பாடி. வள்ளிமலைக்கு அருகே பொன்னையாற்றங்கரையிலுள்ள இந்த ஊரில், முதலாம் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சய சோழருக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவாகக் கட்டிய கோயில், இருக்கிறது. ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்று அரிஞ்சயரைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. இறந்தார் என்னாமல் துஞ்சினார் என்று எழுதிய அந்தப் பண்பும், பேரன் தாத்தாவுக்குக் கட்டிய கோயில் என்ற செய்தியும் போதும். மற்ற வரலாறெல்லாம் பிறகு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய கையே இந்தச் சிறிய கோயிலையும் கட்டியது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்; அவர்கள் கற்சுவரைத் தொடும் விதமே மாறிவிடும்.

அந்த இடத்தில் நிற்கும்போது

முதல் பத்து நிமிடம் கைபேசியை எடுக்க வேண்டாம். இது ஒழுக்கம் பற்றிய அறிவுரை அன்று. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் பிடித்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கருவி வைத்துக்கொள்ளட்டும் என்று மனம் தன் வேலையை விட்டுவிடுகிறது. அதே ஆய்வில், பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டும் நெருங்கிப் படம் பிடித்தவர்களுக்கு அந்த மறதி ஏற்படவில்லை. ஆகவே முதலில் பாருங்கள். பிறகு, ஓர் எழுத்தையோ கல்லில் விழுந்த ஒரு விரிசலையோ நெருங்கிப் படம் எடுங்கள்.

அடுத்ததாக, ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கோட்டையை ஒட்டிய பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். ஆளுக்கு ஒரு கல்லின் முன்னால் நின்று, அதிலுள்ள வயதைக் கண்டுபிடித்து வந்து சொல்ல வேண்டும் என்பது வேலை. ஒரு பையன் நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு சிறிய கல்லின் முன்னால் குந்தியிருந்தான். பாசி படிந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தான். “சார், இது குழந்தை சார். என் தங்கச்சியவிடச் சின்னது. வெள்ளக்காரங்களுக்கும் இங்க குழந்தைங்க செத்துப்போச்சா சார்?” என்று கேட்டான். சிப்பாய்களின் பக்கம் உறுதியாக நின்று முந்தைய நாள் வகுப்பில் ஆவேசமாகப் பேசியவன் அவன். சிப்பாய்கள் மீதிருந்த அவனுடைய பற்று அன்று குறையவில்லை. அந்தப் பற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. நினைவிடம் மனத்துக்குச் செய்யும் மிக உயர்ந்த உதவி இதுதான் என்று நான் கருதுகிறேன், ஆகவே இரு தரப்புக் கல்லறைகளையும் பாருங்கள் என்று எல்லா ஆசிரியர்களிடமும் வற்புறுத்துவேன்.

கைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். வெறுமனே நிற்கும்போது துயரம் எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கிறது. பூ வைப்பது, அனுமதி உள்ள இடத்தில் விளக்கேற்றுவது, சருகுகளை அகற்றுவது, ஒருபிடி நீர் தெளிப்பது என எதுவும் ஆகும். நம் முன்னோர்கள் இதை மிக நுட்பமாக அறிந்திருந்தார்கள். நடுகல் எழுப்புவதைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நிறுத்துவது நடுதல், படையலிடுவது பெரும்படை, போற்றுவது வாழ்த்து. வீரன் ஒருவனை இழந்த ஊர், இத்தனை நாள் வேலையைத் தன் கைகளுக்குக் கொடுத்துக்கொண்டது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், குறிப்பாகச் செங்கம் வட்டாரத்தில், ஆநிரை மீட்டு மாண்டவர்களின் நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஊரார் இன்றும் பொட்டு வைத்துப் பொங்கலிடுகிறார்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையில் அப்படி ஒன்று நின்றால், முதல் பயணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். பேருந்துச் செலவும் மிச்சம்.

பேச்சைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ‘என்ன தோன்றுகிறது, சொல்’ என்று கல்லறையின் முன்னால் நிறுத்திக் கேட்டால் பிள்ளைகள் நீங்கள் விரும்பும் பதிலைத்தான் சொல்வார்கள். பேச்சு தானாக வரும், பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பி நடக்கும்போது, அதுவும் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது.

அரைமணி முதல் முக்கால் மணி நேரம் போதும். கிளம்பும்போது கால் கழுவிக்கொள்ளும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை விட வேண்டாம். தீட்டு என்பதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இடம் அங்கே முடிந்தது, இனி வேறு இடம் என்பதை உடலுக்கு உணர்த்த அதைவிட எளிய வழி இல்லை.

பிறகு ஓய்வு, குறையின்றி

நாளின் இரண்டாம் பாதியை முதல் பாதிக்குக் கொடுத்த அதே மரியாதையோடு அமைக்க வேண்டும். கடைத்தெருவில் அலைவதும் வாகனத்திலேயே திரிவதும் களைப்பைத்தான் கூட்டும். ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர், கவனம் என்பது ஒரு தசையைப் போலச் சோர்ந்துபோகும் என்றும், நீரலை, இலையசைவு, மேகம் போன்றவை நம் முயற்சியைக் கேட்காமல் மெல்ல ஈர்ப்பதால் அந்தச் சோர்வு நீங்குகிறது என்றும் விளக்கினார்கள். நினைவிடத்தில் உன்னிப்பாகப் பார்த்து, படித்து, அடக்கிக்கொண்டு நின்ற மனத்துக்கு அதுவே தேவை. கோட்டை அகழியோரப் புல்வெளி, மேல்பாடி போனவர்களுக்கு வள்ளிமலைப் படிகள், நேரம் இருப்பவர்களுக்கு ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி, விடுமுறை கூடுதலாக இருந்தால் ஏலகிரி என வகைக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் சாவு நடந்த வீட்டார் ஓராண்டுக்கு மலைக்கோயில் ஏறுவதில்லை என்ற வழக்கம் நம் பக்கத்தில் பல குடும்பங்களில் உண்டு. கேட்காமல் வள்ளிமலைக்கு அழைத்துப்போய் அடிவாரத்தில் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்; அவர்களோடு அமிர்தி காட்டுக்குச் செல்லுங்கள்.

உடலை அசைக்கும் ஏதாவது ஒன்றும் இருக்கட்டும். பிள்ளைகள் ஓடட்டும், பெரியவர்கள் நடக்கட்டும். வேலையிலிருந்து மனத்தை முழுதாக விலக்கிக்கொள்வது, தளர்ந்து இருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுச் செய்வது, நேரம் தன் கையில் இருக்கிறது என்று உணர்வது என்னும் நான்கும் நல்ல ஓய்வின் கூறுகள் என்று சொல்லப்படுகின்றன. நான்காவதைத்தான் நம் குடும்பப் பயணங்களில் அதிகம் பறிகொடுக்கிறோம். ‘ஆறு மணிக்கு எல்லோரும் வண்டியில் இருக்கணும்’ என்று அப்பா ஒருவர் விசில் ஊதாத குறையாகத் துரத்திக்கொண்டிருந்தால், அது அவருக்கு மட்டுமே சுற்றுலா. இரண்டாம் பாதியில் ஒரு மணி நேரமாவது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும்.

சிரிப்பைப் பற்றி யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். துணையை இழந்து ஆறு மாதமானவர்களிடம் டாச்சர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் நடத்திய ஆய்வில், இறந்தவரைப் பற்றிப் பேசும்போதே மனமாரச் சிரிக்க முடிந்தவர்களிடம் துயரத்தின் அழுத்தம் குறைந்திருந்தது. சுற்றியிருப்பவர்களுடன் அவர்களுடைய உறவும் நன்றாக இருந்தது. ‘தாத்தா இருந்திருந்தால் இந்தப் பொங்கலை வாயில் வைக்கமாட்டார்’ என்று யாராவது சொல்லிச் சிரித்தால், அதைத் தடுக்காதீர்கள்.

மருத்துவமனைக்கு வந்திருப்பவர்களுக்கு

வேலூருக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவ நிலையம், இன்று சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளை வரவழைக்கிறது. அவர்களோடு வந்த உறவினர்கள் சுற்றுவட்டார லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவர்கள் அவர்கள்தான்.

என் அப்பா சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது நாள் இருந்தார். பகலெல்லாம் அம்மா வார்டு வாசலிலுள்ள பெஞ்சை விட்டு நகரமாட்டார். பத்தாம் நாள் மாலை, காபி வாங்கப் போகலாம் என்று சொல்லி நான் அவரைக் கோட்டைப் பக்கம் அழைத்துச் சென்றேன். அகழியோரம் புல்லில் ஒரு வங்காளப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் எக்ஸ்ரே உறை, பக்கத்தில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். அம்மா அவருக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் பிஸ்கட்டைப் பிரித்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டார். கிளம்பலாமா என்று நான் கேட்டபோது, “இன்னும் கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்பா” என்றார். பத்து நாளில் அம்மா தனக்காகக் கேட்ட முதல் பொருள் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

நோயாளியை விட்டுவிட்டு வெளியே போவதைத் துரோகமாக எண்ணும் உறவினர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ராஜர் உல்ரிக் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்த 23 பேர், செங்கற்சுவரைப் பார்த்தபடி படுத்திருந்த 23 பேரைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. படுக்கையில் இருப்பவருக்கே மரம் இவ்வளவு செய்யும் என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடம் இயற்கைச் சூழலில் செலவிட்டவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் உள்ளதாகத் தெரிவித்ததைக் கண்டது. ஒரேயடியாக இரண்டு மணி நேரம் தேவையில்லை. மாலைதோறும் இருபது நிமிடம் போதும். உறவினர்கள் முறை வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே இருக்க, ஒருவர் வெளியே போகலாம். நோயாளி தேறிவரும் நிலையில் இருந்தால், போய்வந்தவர் அகழியில் பார்த்த பறவையைப் பற்றியாவது அவரிடம் சொல்லட்டும்; மருந்துச்சீட்டைப் பற்றியே பேசிச் சலித்த இருவருக்கும் அது நல்லது.

உள்ளே உயிருக்குப் போராடும் ஒருவர் இருக்கும்போது கல்லறைகளைத் தவிர்த்துவிடுங்கள். கோட்டையின் புல்வெளியும் கோயிலும் போதும்.

எப்போது நிறுத்துவது

நினைவிடத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கி, கை நடுங்கி, கண் எங்கோ நிலைத்து நின்றால், ‘அழுது தீர்த்துவிடு’ என்று அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டாம். நிழலுக்கு அழைத்து வந்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களையும், தொட முடியும் நான்கையும், காதில் விழும் மூன்று ஓசைகளையும் மெல்லச் சொல்லச் சொல்லுங்கள். கவனம் அந்த நேரத்துக்குத் திரும்பி வரும். அன்றைய திட்டத்தை அத்தோடு முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவதில் குறைவில்லை.

இறப்பு நிகழ்ந்து ஓராண்டு கழிந்த பின்னும், அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்கு ஏக்கம் நாள்தோறும் தொடர்ந்தால், அதை நீடித்த துக்கமாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. சுற்றுலா அதற்கு மாற்றாகாது. அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ‘நானும் போயிடணும்’ என்பது போன்ற பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும், ஓராண்டு ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றே அழையுங்கள்.

வீடு திரும்பும்போது

ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் பெரிதாகத் தங்குகின்றன, அது நீடித்த நேரம் அவ்வளவாகத் தங்குவதில்லை என்பது டேனியல் கானமன் கண்டது. நாளின் கடைசி ஒரு மணி நேரத்தைப் பஸ் நிலைய நெரிசலுக்கு விட்டுக்கொடுத்தால் நாள் முழுதும் அப்படியே நினைவில் நிற்கும். ஆற்காடு வழியாகத் திரும்புபவர்கள் மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள், ஆம்பூர் வழியாகத் திரும்புபவர்கள் பிரியாணிக்கு நிறுத்துங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஆறஅமரச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.

அன்றிரவோ மறுநாளோ, விருப்பமுள்ளவர்கள் பதினைந்து நிமிடம் எழுதட்டும். வடிவமோ இலக்கணமோ தேவையில்லை. தொடர்ந்து மூன்று நான்கு நாள் இப்படி மனத்திலுள்ளதை எழுதுவது நன்மை செய்கிறது என்பதை ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980களிலிருந்து ஆராய்ந்து வந்தார். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எழுதத் தெரியாத பெரியவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளலாம். என் அம்மா அப்படித்தான், அப்பாவின் முதல் திதிக்கு மறுநாள் மேல்பாடிக்குப் போய்வந்த இரவில், என் மகளை உட்காரவைத்து நான்கு பக்கம் சொன்னார். அதில் இராசராசனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்பா முதன்முதலாக வாங்கிய சைக்கிளைப் பற்றியும், அதில் அம்மாவை உட்காரவைத்துப் பொன்னையாற்று மணலில் தள்ளிக்கொண்டே போனதைப் பற்றியும் இருந்தது. அந்தத் தாள்களை அம்மா பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். அடுத்த திதிக்கும் மேல்பாடிக்கே போகலாமா என்று போன வாரம் கேட்டார். இந்த முறை புளியோதரைதான் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.